ஓய்வுக்குப் பின் வாசிப்பு: சில ஏற்பாடுகள்

ஓய்வு பெற்றுவிட்டால் படிக்க நேரம் கிடைத்துவிடும் என்று வேலையில் இருக்கும்போது எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தானாகப் புத்தகத்தின் பக்கம் திரும்புவதில்லை. காலையில் பால், செய்தித்தாள், பேத்தியைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது. பிறகு மின்கட்டணம், ரேஷன், வங்கி. ஊரில் ஒரு கல்யாணம், ஒரு துக்கம். நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று. இவற்றுக்கு நடுவே ஒதுங்குகிற அரைமணி, முக்கால்மணிகளைக் கைபேசி எடுத்துக்கொண்டு போய்விடும். முப்பது வயதில் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்த அளவுகூட அறுபதுக்கு மேல் படிக்க முடியவில்லை என்று வருத்தப்படுகிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு.

கூட்டுறவுத் துறையிலிருந்து ஜூன் கடைசியில் ஓய்வு பெற்ற ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "சார், ஜனவரியிலேர்ந்து ஒழுங்கா படிக்கலாம்னு இருக்கேன். எதை எடுக்கட்டும்?" நல்ல கேள்விதான். ஆனால் எதைப் படிப்பது என்பது இரண்டாவதாக வருகிற கேள்வி. எங்கே உட்கார்ந்து, எந்த வெளிச்சத்தில், யாரை வைத்துக்கொண்டு, யாருடைய புத்தகத்தைப் படிப்பது என்பதை முதலில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அந்த ஏற்பாடு இருந்தால் புத்தகம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அன்று அவரிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வருஷம் முடிகிற நேரம். எனக்கும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டதாக இருக்கும்.

முதலில் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவது யாருக்கும் புதிதல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை சிறு வயதில் இளக்கமாக இருக்கும். பக்கத்தில் உள்ள பொருளைப் பார்க்கும்போது தன்னைச் சற்றே தடிப்பாக்கிக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிவிடுகிறது. அதனால்தான் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கிறோம். கண்ணாடி போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம், ஆனால் கண்ணாடியால் பாதிதான் தீரும். மற்றப் பாதி வெளிச்சம். வயதாகும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லையும் மஞ்சளிக்கிறது. இரண்டும் சேர்ந்து, இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேருகிறது. கல்லூரியில் படித்த காலத்தில் போதுமாக இருந்த அதே விளக்கின் கீழே இப்போது உட்கார்ந்தால் பத்துப் பக்கத்தில் தூக்கம் வருகிறது. வயசாகிவிட்டது, மனம் ஒன்றவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். பல நேரம் காரணம் வெறும் விளக்குதான்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. கூடத்து உச்சியில் எரிகிற விளக்கை நம்பாமல், தோளுக்குப் பின்னால் இடப்பக்கமாக ஒரு சின்ன மேசை விளக்கை வைத்துக்கொண்டால் போதும். ஒளி பரவுகிற விதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பல்பு ஆறடியிலிருந்து மூன்றடிக்கு வந்தால் தாளில் விழும் வெளிச்சம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. ஆகவே பல்பின் வாட்டைக் கூட்டுவதைவிட அதைக் கிட்டே கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். பளபளப்பான தாளாக இருந்தால் மட்டும் வெளிச்சம் திரும்பிக் கண்ணில் அடிக்கும். விளக்கைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு சித்திரையில் என் வலக்கண்ணுக்குக் கண்புரை அறுவை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் ஒரே புத்தகத்தின் பழைய பதிப்பையும் புதுப் பதிப்பையும் எடுத்துப் பக்கம் பக்கமாக விரித்து வைத்தேன். வலக்கண்ணை மூடிக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே சந்தன நிறம். இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஒன்று நல்ல வெள்ளை, ஓரத்தில் நீலம்கூடத் தெரிந்தது; மற்றது ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் கறை விழுந்து கிடந்தது. எத்தனையோ வருஷமாக அந்தக் கறை அங்கேயே இருந்திருக்கிறது. புரை மஞ்சள் கண்ணாடியாக உள்ளே நின்றுகொண்டு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிக் காட்டியிருக்கிறது. ஒன்றைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியாமல் ஏமாற்றமாகிறது. வழக்கமாக வைக்கிற வில்லை தூரப் பார்வைக்குப் பொருத்தப்படுவது. அறுவைக்குப் பின்னும் படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். அந்த எண்ணும் சில வாரம் கழித்துத்தான் நிலைப்படும். அதுவரை பொறுத்திருங்கள்.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் தாண்ட மனம் வரவில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களைப் பழக்கி, கத்தி பிடித்து, கண் அறுவை செய்யக் கற்றவர் அவர். ஓய்வு பெற்ற அதே ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1992-இல் ஆரோலேப் என்ற அமைப்பு மதுரையிலேயே அதைச் செய்ய ஆரம்பித்தது. விலை பல மடங்கு இறங்கியது. இன்றைக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் எழுபதிலும் எண்பதிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள் என்றால், அதற்கு எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் நன்றி சொல்வதற்கு முன்னால் ஓய்வு பெற்ற அந்த மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கு அடுத்தது கை. ஆயிரம் பக்கக் கெட்டி அட்டைப் புத்தகத்தை நெஞ்சின்மேல் வைத்துப் படிக்கிற வயது போய்விட்டது. மணிக்கட்டு வலிக்கும். எங்கள் வீட்டில் அப்பா காலத்து வியாசபீடம் ஒன்று பரணில் கிடந்தது. ராமாயணம் வைத்துப் படிப்பதற்காகச் செய்த மடக்குப் பலகை. அதை இறக்கித் துடைத்து எண்ணெய் போட்டதில் பெரிய தொகுதிகள் எல்லாம் மறுபடி படிக்கக் கூடியவையாகிவிட்டன. சின்ன எழுத்தில் அச்சிட்ட பழைய நூல்களுக்கு வேறு வழியும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டு முடிந்தால் நம் நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை விலகிவிடும் என்பதால் கு.ப.ரா., புதுமைப்பித்தன் போன்றவர்களை எங்கும் தாராளமாக எடுத்துப் படிக்கலாம். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவது பெரிய வரம். எனக்கு நாற்காலியும் தாளும்தான் பழக்கம் என்றாலும் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை.

இனி, எதைப் படிப்பது. இந்த ஆண்டு எங்கள் வீட்டில் அதிக நாள் இருந்த புத்தகம் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. முன்பே படித்ததுதான். இந்த முறை வேறு மாதிரி படித்தோம். ஆனந்த விகடனில் 1940 ஜனவரியில் தொடங்கி வாரம் ஓர் அத்தியாயமாக 1942 வரை வந்த தொடர் அது. மொத்தம் 122 அத்தியாயங்கள். அந்தக் காலத்து வாசகர்கள் உலகப் போர்ச் செய்திகளுக்கு நடுவே இரண்டு வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்து காத்திருந்து படித்திருக்கிறார்கள். நாமோ வாங்கின வேகத்தில் ஒரு வாரத்தில் முடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். அதனால் நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டோம், அதற்கு மேல் ஆசையாக இருந்தாலும் கிடையாது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு நான் வாய்விட்டுப் படிப்பேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டோ, மறுநாளைக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ கேட்பார்.

வாய்விட்டுப் படிப்பதில் உள்ள நன்மை என்னவென்றால் கண் தாண்டிப் போகிற இடத்தை நாக்கு தாண்ட முடியாது. அத்தோடு, கேட்கிறவர் ஒருவர் இருந்தால் புத்தகத்துக்குள் இல்லாத கேள்விகள் வரும். சாமிநாதையரின் தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ராமாயணக் கதை சொல்லிப் பிழைத்தவர். பையனின் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் அந்தக் குடும்பம் அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. நான் இதுவரை அந்தப் பகுதிகளைத் தமிழ் கற்க ஒரு பையன் பட்ட பாடாக மட்டுமே படித்திருந்தேன். ஒரு நாள் என் மனைவி கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏங்க, ஊர் ஊரா மாறிக்கிட்டே இருந்தா அந்த அம்மா பாத்திரம் பண்டத்தையெல்லாம் என்ன பண்ணியிருப்பாங்க? ஒவ்வொரு ஊர்லயும் புதுசா அடுப்பு போடணுமே?" அதற்குப் பிறகு அந்தப் பக்கங்களில் அம்மா சரசுவதி அம்மாள் எங்கே வருகிறார், எங்கே வராமல் பின்னால் நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்துப் படித்தேன். தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் பின்னால் எத்தனை தற்காலிக அடுப்புகள் எரிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

சாமிநாதையர் பிறந்த உத்தமதானபுரம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரம். அதனால் அந்தப் புத்தகத்தின் முதல் பாகத்தில் வருகிற வாய்க்கால், அக்கிரகாரம், அறுவடை எல்லாம் எங்களுக்குக் கண்ணெதிரே இருப்பவை. ஆனால் ஓய்வு பெற்றவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்வது வேறொரு காரணத்துக்காக. சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919-இல் ஓய்வு பெற்றார். அப்போது வயது அறுபத்து நான்கு. சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் வந்துவிட்டன. போதும் என்று திருவல்லிக்கேணி வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கலாம். அவர் 1924-இல் பெருங்கதையைப் பதிப்பித்தார். அந்த ஆண்டுகளில் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1933, 1934-இல் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதினார். 1937-இல் குறுந்தொகை. அதற்கும் பிறகு, எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது, தம் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்தபோது கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நின்றுவிட்டது. மிச்ச வாழ்க்கையைப் பிற்பாடு கி.வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்ற பெயரில் எழுதினார்.

'என் சரித்திர'த்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிற இடம். 1880 அக்டோபர் 21. முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக வந்தவர். இருபத்தைந்து வயதுக் கல்லூரித் தமிழாசிரியரான சாமிநாதையர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். முதலியார் புலவர் அல்ல, பதிப்பாசிரியரும் அல்ல. நீதிமன்ற வேலைக்கு நடுவே படிக்கிற ஒரு வாசகர். அவர் கேட்ட கேள்வியில் தொடங்கிய தேடல் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. வாசகராக மட்டும் இருப்பது ஒரு குறைவான நிலை என்று நினைக்கிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். அதனால் அதே புத்தகத்தில் மற்றவர்கள் கவனிக்காத ஒன்று எனக்குக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளவு பெரிய பதிப்புப் பணியும் கடிதங்களின்மேல்தான் நடந்திருக்கிறது. ஏடு இருக்கிறதா என்று கேட்டு ஒரு கடிதம், புத்தகத்துக்குக் கையொப்பம் போட்டு முன்பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு கடிதம். பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் எழுதுகிறார். ஆசிரியர் இருப்பது கும்பகோணத்தில், அச்சுக்கூடம் இருப்பது சென்னையில். தமக்கு வந்த கடிதங்களை ஐயர் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்துப் பதிப்பித்துவருகிறார். அதேபோல இடைசெவல்காரர்களான கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் எழுதிக்கொண்டவை. அழகிரிசாமி அனுப்பிய கடிதங்களைக் கி.ரா. காப்பாற்றிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஒரு மேசைக்கு இந்தப்புறம் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது அந்த உறைகளுக்குள் என்ன போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் பொங்கல் சமயத்தில், பணம் கட்டிப் பெற்றுக்கொள்கிற வி.பி.பி.யில் புத்தகப் பார்சல் வந்தால், வாங்கிக்கொள்ள வருகிறவரின் முகத்தைப் பார்த்தே இது புத்தகம் என்று சொல்லிவிடலாம்.

அஞ்சல் துறையில் அண்மையில் பெரிய மாற்றங்கள். புத்தகங்களுக்கென்று நெடுநாளாக இருந்த சலுகைக் கட்டணச் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. சிறு பதிப்பாளர்களுக்கும் தொலைவில் இருக்கிற வாசகர்களுக்கும் அது பலமான அடி. ஐம்பது ரூபாய்ச் சிறு நூலுக்கு அனுப்பும் செலவே புத்தக விலையைத் தாண்டிவிட்டால் யார் வாங்குவார்கள்? பலர் குரல் கொடுத்தார்கள். 2025 மே முதல் தேதி 'கியான் போஸ்ட்' என்ற பெயரில் புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய். தரைவழியாகப் போகும் என்பதால் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும். இந்தத் தகவல் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். அஞ்சலகத்தில் புத்தகம் என்று சொல்லி, இந்தச் சேவையின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். அதே 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. பதிவுத் தபால் என்றால் நீதிமன்றம், நியமன உத்தரவு, கூடவே கையெழுத்துப் பிரதி. எத்தனையோ எழுத்தாளர்களின் முதல் கதை அந்த நீலக்கோடு போட்ட உறையில்தான் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனது. நிர்வாகக் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. வருத்தமும் இருக்கிறது.

அடுத்ததாக, யாருடைய புத்தகம் என்ற கேள்வி. ஓய்வூதியத்தில் மாதாமாதம் புத்தகம் வாங்க எல்லோராலும் முடியாது. வாங்கினாலும் வைக்க இடம் வேண்டும். வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நம் ஊர் நூலகம் அந்தக் காசில்தான் நடக்கிறது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை. வருஷாவருஷம் சந்தா கட்டிக்கொண்டு வருகிறோம், கட்டின பின் எட்டிப் பார்க்காமல் இருக்கிறோம்.

இந்த வரிக்குப் பின்னால் ஒரு நெடிய உழைப்பு இருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் போனார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கு உரியது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது. இவ்வளவுதான் அவற்றின் சாரம். அந்த 1931-லேயே மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். சட்டம் 1948-இல் வந்தது, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது. பொது நூலகத்துக்கென்று வரி போட்டு நடத்துகிற சட்டத்தைச் சுதந்திர இந்தியாவில் முதலில் செய்தது அன்றைய சென்னை மாகாணம்.

எங்கள் ஊர் நூலகம் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் செய்தித்தாள் பக்கம். கதைப் புத்தக அலமாரிக்கு வருகிறவர் குறைவு. ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னால் ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டைப் பார்த்தால் கடைசியாக அதை யாரோ எடுத்துப் பல வருஷம் ஆகியிருக்கும். அரங்கநாதனின் மூன்றாவது விதிப்படி அந்தப் புத்தகம் தன் வாசகருக்காகக் காத்திருக்கிறது. அது எனக்குத் தாங்க முடியாத ஒன்று. ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலராகச் சேரலாம். சுவரில் பெயர் எழுதுவார்கள். சேருங்கள், நல்லது. ஆனால் அதைவிட நல்லது, மாதம் இரண்டு புத்தகம் உங்கள் சீட்டில் வெளியே போய்விட்டு உள்ளே வருவது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி நூலகத்திலிருந்து இந்த ஆடியில் எடுத்துவந்தது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. சுதேசமித்திரனில் 1950-களில் தொடராக வந்த நாவல். கும்பகோணத்தில் கல்லூரியில் படித்த யாரும் அந்த வயதில் அதைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அதன் நாயகன் பாபுதான். அவன் மோகம் கொள்கிற யமுனாவைத் தவிர வேறு யாரும் அந்த நாவலில் இருப்பதாகவே நினைவில்லை. இப்போது படித்தால் ரங்கண்ணா நிறைந்து நிற்கிறார். சங்கீதம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் காதைத் திறக்கச் சொல்லிக்கொடுக்கிற கிழவர். கற்றதையெல்லாம் கொடுத்துவிட்டுப் போக ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்கிற அவசரமும், உடம்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்கிற கணக்கும் அவருக்குள் சேர்ந்தே ஓடுகின்றன. பாபுவின் அப்பா வைத்தி வருகிற பக்கங்களில் இரண்டு முறை புத்தகத்தை மூடி வைத்தேன். தனக்குக் கிட்டாததை மகனுக்குக் கொடுத்துவிட ஆசைப்படுகிற, அதை வற்புறுத்தவும் மனமில்லாத ஒரு தகப்பன். இருபது வயதில் அவர் எனக்குத் தெரியவே இல்லை. ஜானகிராமன் அந்த நாவலை எழுதும்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை; முதுமை எப்படி அவருக்கு அவ்வளவு தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

புதுப் புத்தகம் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இளையவர்கள் எழுதுவதையும் எடுக்கிறேன். சிலவற்றின் வேகம் எனக்கு ஒத்துவருகிறது, சிலவற்றுக்கு இன்னும் பழக வேண்டியிருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்ற முதல் வருஷத்தில் ஒருவர் தொடங்குகிறார் என்றால், இளமையில் மனதைப் பறித்த ஒரு புத்தகத்தை மறுபடி எடுப்பதுதான் சரி என்பது என் கட்சி. பாத்திரங்களின் பெயரும் ஊரும் ஏற்கெனவே தெரிந்தவை. விட்டுப்போன பழக்கம் சிரமமில்லாமல் திரும்பும்.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்துக் காற்றே ஈரமாக இருக்கும். அலமாரி சுவரை ஒட்டி நின்றால் சுவரின் ஈரம் பலகைக்கும், பலகையிலிருந்து அட்டைக்கும் ஏறும். இரண்டு விரல் இடைவெளி விட்டு நகர்த்தி வையுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, மிளகு, கிராம்பு, பட்டை, கருஞ்சீரகம், கற்பூரம் இடித்துச் சிறு முடிச்சாகக் கட்டிச் சுவடிகளுக்குள் வைப்பது பழைய வழக்கம். வீட்டுக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும். தையில் வெயில் வந்ததும் நிழலில் காற்றாட விரித்து வைத்தால் ராமபாணப் பூச்சி அண்டாது. நேர் வெயிலில் வைக்கக் கூடாது, தாள் முறுகிவிடும்.

பொங்கலை ஒட்டிச் சென்னையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும். 1977-இல் தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் நிற்க எனக்குக் கால் இடம் கொடுப்பதில்லை. மகள் அங்கே இருக்கிறாள், பட்டியல் கொடுத்திருக்கிறேன். சாமிநாதையருக்கு வந்த கடிதங்களின் தொகுதி அதில் முதலில். எங்கள் ஊர் நூலகத்தில் இல்லாத சில புத்தகங்களையும் அதற்குக் கீழே எழுதியிருக்கிறேன். அவை நூலகத்துக்கே போகும். எல்லாவற்றையும் கியான் போஸ்டில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மெதுவாக வரட்டும்.

மாசியில் இடக்கண்ணுக்கும் அறுவை. அதற்குப் பிறகு சில வாரம் என் மனைவி படிக்க, நான் கேட்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். நூலகத்திலிருந்து எடுத்து வருவதற்குக் கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' என்று அவரே முடிவு செய்துவிட்டார். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை அந்த வாரங்களில் என்னுடையதாக இருக்க முடியாது, கண் அதற்கு ஆகாது. கீரை ஆய்வதைக் கைத்தடவலிலேயே செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.